சல்லடையில் தங்கியது

லிட்மஸ் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, எதையும் சந்தேகப்பட்ட பிறகே தொடுவது என்று பழகிப்போனதால் மற்றவர்கள் வைத்த பெயர். தன் கல்யாண விருந்திலேயே தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று பயந்து எழுந்தே விட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்படுவதற்கு முழு நாளும் கிடைத்துவிட்டது. பற்பசை ட்யூபின் முதுகில் இருக்கும் எறும்பு எழுத்துகளை, மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பது போல, காபியோடு சேர்த்துப் படிப்பார்.

அப்படிப்பட்டவருடைய சொந்த அக்கா, அவர் கண்ணெதிரிலேயே மஞ்சளாகிக்கொண்டிருந்தாள்.

முதலில் அசதி வந்தது. பிறகு அரிப்பு. பிறகு சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு காலத்தில் இரும்பு அலமாரியைத் தனியாளாக நகர்த்தி, பின்னால் ஒளிந்திருந்த பல்லியை முறைத்தே வெளியேற்றியவள், இப்போது தலை வாரிக்கொள்வதற்கு நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். லிட்மஸ் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"ஈரல் கணக்கு நாப்பதுக்குள்ள இருக்கணும்மா. உங்களுக்கு நானூத்திப் பன்னிரண்டு இருக்கு."

"கூடத்தானே இருக்கு? குறையலையே?" என்றாள் அக்கா.

"கூடக் கூடாதும்மா. கிருமி எதுவும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. கல் அடைப்பும் இல்ல. நீங்க என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒரு மாத்திரை கிடையாது டாக்டர். மருந்துன்னாலே எனக்கு ஆகாது. தலைவலிக்குக்கூட துணியைக் கட்டிட்டுப் படுத்துப்பேன்."

லிட்மஸ் தொண்டையைச் செருமினார். "அக்கா, பொடி?"

"பொடியா? அது மருந்தாடா? அது மூலிகை."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "என்ன பொடி?"

அக்காவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "எங்க வீட்டுக்காரர் செய்யறது. கீழாநெல்லிப் பொடி. ஈரலுக்குத்தான். இருபத்தாறு வருஷமா சாப்பிடறேன். எப்பவும் ஒரு ஸ்பூன். கண்ணு மஞ்சளா இருக்கேன்னு ரெண்டு மாசமா மூணு ஸ்பூன் போடறேன்."

"அதை இன்னிக்கே நிறுத்துங்க."

"நல்லா இருக்கே! ஈரலுக்குச் சாப்பிடறதை, ஈரல் சரியில்லாத நேரம் பார்த்து நிறுத்தறதா?"

இந்தக் கேள்வியில் ஓட்டை கண்டுபிடிக்க ஒன்பது வக்கீல்கள் வந்தாலும் முடியாது. டாக்டரம்மா லிட்மஸ் பக்கம் திரும்பினாள்.

"இருபத்தாறு வருஷம் ஒண்ணும் செய்யாத பொடி இப்பச் செய்யுதுன்னா, நடுவுல ஏதோ மாறியிருக்கு. அது என்னன்னு பாருங்க. ஈரல் ரொம்பப் பொறுமைசாலி சார். எத்தனை அடிச்சாலும் வாயைத் திறக்காது. ஆனா திறந்துச்சுன்னா வயித்துல தண்ணி கோத்துக்கும், அதுக்கப்புறம் பின்னாடி வர முடியாது. மூணு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம். அதுக்குள்ள நிறுத்தியாகணும்."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "நல்ல பொண்ணு. ஆனா படிச்சது பத்தல."

*

அத்தானுடைய மூலிகைக் கடையின் முன்பக்கம் கண்ணாடி ஜாடிகள். பின்பக்கம் அரவை அறை. அதற்கும் பின்னால் சாக்குகள் அடுக்கிய கிடங்கு. அத்தான் நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற குரல், குரலுக்கு ஏற்ற மீசை. அவர் தும்மினால் எதிர்வரிசைக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு இடி மழைக்குக் காத்திருப்பார்கள். ஆனால் மனுஷர் ஒரு பொய் சொல்ல மாட்டார். அவருடைய பாக்கெட் ஒவ்வொன்றிலும் பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கும்: 'எங்கள் வீட்டில் சாப்பிடாததை உங்களுக்குக் கொடுக்க மாட்டோம்.'

"என் பொடியா?" என்றார். ஜாடிகள் அதிர்ந்தன. "மாப்ளே, இதுல ஒரு துளி ரசாயனம் கிடையாது. முழுக்க இயற்கை."

"பாம்பு என்ன ஃபேக்டரிலயா தயாராகுது அத்தான்? அதுவும் இயற்கைதான். செடிக்குக் கை கிடையாது, கால் கிடையாது, தன்னைத் தின்ன வர்றதைக் கடிக்க முடியாது. அதனால உடம்புக்குள்ளயே விஷத்தைச் செஞ்சு வச்சுக்குது. எல்லாச் செடியும் நம்ம மேல பிரியத்தோடயே வளருதுன்னு யார் சொன்னா?"

"நீ பாம்புக்குப் போயிட்டியா? நான் கீழாநெல்லியைச் சொல்றேன். நானும் தினம் சாப்பிடறேன். என்னைப் பாரு, எனக்கு எங்கயாவது மஞ்சளா இருக்கா?"

லிட்மஸ் நேர்மையாகப் பார்த்தார். அத்தானுக்கு எங்கேயும் மஞ்சள் இல்லை. வெற்றிலைக் காவிகூட இல்லாத பற்கள், பால் போல வெள்ளை விழி. அதுதான் உதைத்தது. ஒரே வீடு, ஒரே பொடி. ஒருத்தர் கல் மாதிரி இருக்கிறார், ஒருத்தி கரைந்துகொண்டிருக்கிறாள்.

"சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல. புது அரவை மிஷின் வந்து ஏழு மாசம் ஆகுது. மிஷினுக்கு ஈரலைப் பத்தி என்ன தெரியும்?" அத்தான் அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டு, துழாவி, ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் அறைந்தார். "இந்தா. நல்லா ஊறினது, கடையிலயே உசத்தியானது. கொண்டு போய் உன் கண்ணாடிக் குழாய்ல போட்டு ஆட்டு. தப்புன்னு வந்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

"சரின்னு வந்தா?"

"இதே வாசல்ல நின்னு, எல்லார் முன்னாடியும் ரெண்டு ஸ்பூன் சாப்பிடணும். முகத்தைச் சுளிக்காம."

*

பழைய ஆய்வகத்தில் இப்போது தலைமை ஏற்றிருந்த அம்மாளுக்குப் படிவம் மேடம் என்று பெயர். லிட்மஸ் வைத்த பெயர்தான். ஆய்வகத்தில் தீப்பிடித்தாலும் முதலில் தீயிடம் படிவத்தை நீட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு நேரம் எரிவதாக உத்தேசம் என்று எழுதி வாங்கிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள்.

"வாங்க சார். உக்காருங்க சார். மூணு பிரதி சார்" என்றாள்.

லிட்மஸ் மூன்று பிரதி நிரப்பினார். சோதனை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பொடியைச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டி, வெள்ளைப் பூச்சு பூசிய கண்ணாடித் தட்டின் அடியில் ஒரு சொட்டு வைப்பார்கள். தட்டை ஒரு திரவத்தில் நிறுத்தினால், திரவம் மெல்ல மேலே ஏறும். சொட்டில் இருக்கும் சேர்மங்களும் கூடவே ஏறி, ஒவ்வொன்றும் தன் சக்திக்குத் தகுந்த இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பிறகு மருந்து தெளித்துச் சூடு காட்டினால், அதுவரை கண்ணுக்குத் தெரியாதவை நிறம் நிறமாக எழுந்து வரும். ஈரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிற ஒரு விஷக் குடும்பம் உண்டு. அது இருந்தால் ஊதாப் பொட்டு விழும்.

பொட்டு விழவில்லை. ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, பூஞ்சை இல்லை. கீழாநெல்லி, கீழாநெல்லி, கீழாநெல்லி. பெற்ற தாய் அரைத்தாலும் அத்தனை சுத்தமாக இருக்காது.

அன்று மாலை அத்தான் கடை வாசலில் சூரியன்கூட மறைவதற்கு யோசித்துக்கொண்டு நின்றது. பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். அத்தான் வாய்க்கணக்கில் நானூறு. லிட்மஸ் இரண்டு ஸ்பூன் பொடியை வாயில் போட்டு முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார். கீழாநெல்லியின் கசப்பு முதலில் நாக்கிலும், பிறகு காதிலும், கடைசியில் செருப்பிலும் தெரிந்தது.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"சுத்தமா இருக்கு அத்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"தோத்தாலும் வாய் குறையல பாருங்க!" என்று அத்தான் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அக்காவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நாலாவது ஸ்பூனுக்கே போயிருப்பாள். வாந்தி வந்ததால் மூன்றோடு நிறுத்தினாள்.

"பொடி சரின்னு உன் ஆய்வகமே சொல்லிடுச்சு. இன்னும் என்னடா?"

"உன் ரத்தம் சரியில்லன்னு சொல்லுதே அக்கா. ரெண்டும் பொய் சொல்லாது. நடுவுல எதையோ நான் பாக்கல. ஒரு மூணு வாரம் நிறுத்தித்தான் பாரேன், எனக்காக."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நான் நிறுத்தினா நாளைக்கே தெரு முழுக்கத் தெரியும். பொண்டாட்டியே நிறுத்திட்டாளாம்னு பேசுவாங்க. இருபத்தாறு வருஷம் அவர் நிமிர்ந்து நின்ன கடைடா. என்னால அவர் குனியணுமா?"

லிட்மஸுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒரு பொடியோடு மோதவில்லை. அக்கா தன் ஈரலை வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தூணோடு மோதிக்கொண்டிருந்தார். அதில் தலையால் முட்டிப் பயன் இல்லை. அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டும்.

*

மறுநாள் பெட்டியோடு அக்கா வீட்டில் வந்து இறங்கினார். பெட்டியை அடுக்கிக் கொடுத்த அவர் மனைவி, "ஒரு வாரம்தானா? அவசரமில்ல, ரெண்டு வாரமா இருந்துட்டு வாங்க" என்று வாசல் வரை வந்து அன்போடு வழியனுப்பியிருந்தாள்.

"அக்கா, நீ வாயில போடற ஒவ்வொண்ணையும் நான் எழுதப்போறேன். தண்ணி உட்பட."

"கொட்டாவி விட்டா காத்து உள்ள போகுதே, அதையும் எழுதுவியா?"

"மணியோட எழுதுவேன்."

எழுதினார். முதல் நாள் நாற்பத்தொரு பதிவு. இரண்டாம் நாள் சோப்பு, எண்ணெய், பாத்திரம் தேய்க்கும் நாரைக்கூட விடவில்லை. காபி வடிகட்டியை முகர்ந்தார். ஜன்னல் தொட்டியில் இருந்த செடியிடம் நேருக்கு நேர் நின்று விசாரித்தார். ஒன்றும் அகப்படவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும், அந்த வீட்டில் சந்தேகப்படும்படி இருந்தது அவர் ஒருத்தர்தான். டாக்டரம்மா கொடுத்த மூன்று வாரத்தில் இரண்டாவது முடியப்போகிறது. அக்கா மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அத்தான் தன் பங்குப் பொடியைப் பாக்கெட்டிலிருந்து கொட்டி விழுங்கிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். லிட்மஸ் எழுதினார்: 'அத்தான், பாக்கெட்.' சற்று நேரம் கழித்து அக்கா சமையலறைக்குள் போனாள். முதல் இரண்டு நாளும் பொடியை அவள் சொன்னதைக் கேட்டு எழுதியவர், இன்று பின்னாலேயே போனார். குளிர்சாதனப் பெட்டியின் தலையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். மூன்று ஸ்பூன் போட்டாள். லிட்மஸ் 'அக்கா, பா' என்று எழுதிக்கொண்டு வந்தவர், பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார்.

"அது என்ன பாட்டில்? பாக்கெட் எங்க?"

"பாக்கெட் எதுக்குடா வீணா? அது விக்கிறதுக்கு. அவர் சாப்பிடறதே போதும்."

"அப்ப இது என்ன?"

"பொடிதான். அரைச்சுச் சலிக்கும்போது சல்லடைல கொஞ்சம் தங்கும் பாரு. திப்பி, காம்பு, அது இது. அவர் தூக்கிப் போடச் சொல்லுவார். கீழாநெல்லிதானே, அதுவும்? குப்பைக்கு எதுக்கு? வீட்டுக்குக் கொண்டாந்து மிக்ஸில நாலு சுத்து சுத்தி வச்சுப்பேன். இருபத்தாறு வருஷமா இப்படித்தான். நல்லது கடைக்கு, தங்கினது எனக்கு." பெருமையாகச் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள் போல, "முன்னாடியெல்லாம் பூ மாதிரி அரையும். இந்த மிஷின் வந்தப்புறம் கல்லு கல்லாத் தங்குது. மிக்ஸி பிளேடே மழுங்கிப்போச்சு" என்றாள்.

"அரைக்காதது இருக்கா?"

குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்து, மூலை நசுங்கிய ஒரு பிஸ்கட் டின் வெளியே வந்தது. லிட்மஸ் அதைக் காதருகே பிடித்து மெதுவாக ஆட்டினார்.

கிலுகிலு.

உள்ளே உலர்ந்த இலைதான் இருக்கிறது என்றால் சரசரக்க வேண்டும். இது சிரித்தது.

பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். அக்கா புருவ முடி பிடுங்கும் சிமிட்டாவை வாங்கி, திப்பியை விலக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சிறுநீரக வடிவத்தில், பழுப்பும் மஞ்சளுமாக, மெருகு போட்டது போன்ற விதைகள். கீழாநெல்லியின் விதை கடுகிலும் சின்னது, மண் நிறம். இது அதன் சொந்தக்காரனும் இல்லை, அண்டை வீட்டானும் இல்லை.

"அக்கா, முன்னாடி செடியை அரைக்கறதுக்கு முன்னால யார் ஆய்ஞ்சு குடுப்பா?"

"நான்தான். ஒவ்வொரு கட்டையும் பிரிச்சு, புல்லு பூண்டு எல்லாம் எடுத்துப் போட்டுத்தான் தருவேன். மிஷின் விக்க வந்தவன்தான், கட்டோட அப்படியே போடலாம், ஆய வேண்டாம்னு சொன்னான். என் முட்டியும் போதும் போதும்னுச்சு. விட்டுட்டேன்."

லிட்மஸ் நோட்டை மூடினார். டின்னையும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்படியே ஓடினார்.

*

"மாதிரியின் வகை?" என்று கேட்டிருந்த கட்டத்தில் 'பிஸ்கட் டின்' என்று எழுதினார். "சோதனையின் நோக்கம்?" என்ற கட்டத்தில் 'அக்கா.' படிவம் மேடம் அதைப் படித்தாள். திருத்தச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

தட்டு நின்றது. திரவம் ஏறியது. மருந்து தெளித்துச் சூடு காட்டியபோது, ஊதாப் பொட்டு மெதுவாகத் தோன்றவில்லை. கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தது. ஒன்றில்லை, மூன்று. முப்பத்து நான்கு வருடத்தில் அவ்வளவு திமிரான ஊதாவை லிட்மஸ் பார்த்ததில்லை.

மேடம் தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். "சார், இதை யாராவது சாப்பிடறாங்களா?"

"தினம் மூணு ஸ்பூன்."

"உடனே போன் போடுங்க. படிவத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் கேட்டிராத வாக்கியம் அது. இரண்டு மேஜை தள்ளி ஒருவர் கையிலிருந்த குடுவையை நழுவ விட்டார். லிட்மஸ் பையைத் தட்டிக் காட்டினார்: பாட்டிலும் டின்னும் இங்கேதான், அக்காவுக்கு வீட்டில் ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்லை.

மேடம் விடவில்லை. "முதல்ல கொண்டு வந்த பாக்கெட் சுத்தமா இருந்துச்சே. அது எப்ப அரைச்சது?"

பாக்கெட்டின் அடியில் தேதி இருந்தது. பதினோரு மாதத்துக்கு முந்தையது. மிஷின் வருவதற்கு முன்னால், அக்கா ஆய்ந்து கொடுத்த காலத்துப் பொடி. அத்தான் பெருமைக்காக மேல்தட்டில் துழாவி எடுத்துக் கொடுத்த உசத்தியான பழசு! லிட்மஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஒரே ஒரு பாக்கெட்டை, அதுவும் எதிராளி தன் கையால் எடுத்துத் தந்ததை, கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்து சோதித்திருக்கிறார். எவனாவது பயிற்சிக்கு வந்தவன் இப்படிச் செய்திருந்தால் அவனை அன்றைக்கே அழ வைத்திருப்பார்.

திரும்புகிற வழியில் இரண்டு கடைகளில் அத்தானின் புதுப் பாக்கெட்டுகள் மூன்றை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. விதை பெரும்பாலும் சல்லடையில் தங்கிவிட்டது. ஆனால் கூட அரைபட்ட இலை தங்கவில்லை. மூன்றிலும் ஊதா இருந்தது. வெளிறலாக, ஆனால் இருந்தது. அத்தான் இதுவரை தப்பித்ததற்குக் காரணம் ஒரே ஒரு ஸ்பூன்; அதுவும் சலித்தது.

*

லிட்மஸ் அத்தான் கடைக்குள் நுழைந்தார். நேராகக் கிடங்குக்குப் போனார். முதல் சாக்கின் காதைப் பிடித்து ஆட்டினார். சரசர. இரண்டாவது. சரசர.

"என்ன மாப்ளே, சாக்குக்குத் தாலாட்டா?"

மூன்றாவது, நான்காவது. அத்தான் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார். சுவரோரம் இருந்த புதுச் சாக்குகளில் ஒன்றை லிட்மஸ் ஆட்டினார்.

கிலுகிலு.

அத்தானின் சிரிப்பு பாதி வழியில் இறங்கிக்கொண்டது. அவரே சாக்கை அவிழ்த்துத் தோள் வரை கையை விட்டார். துழாவினார். வெளியே வந்த உள்ளங்கையில், கட்டை விரல் நீளத்தில், உப்பலாக, காய்ந்து கறுத்த ஒரு காய் இருந்தது. ஆட்டினார். உள்ளே விதைகள் குலுங்கின. அந்தக் காயைப் பறித்து ஆட்டி விளையாடாத சின்ன வயது யாருக்கும் இருந்ததில்லை.

"கிலுகிலுப்பை" என்றார் அத்தான். குரல் முதல் தடவையாக மனிதக் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. "இது இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

செடி அனுப்புகிற விவசாயிக்குப் போன் போட்டார். அந்த ஆள் மகா உற்சாகமாகப் பேசினான். "ரசாயன உரமே போடறதில்லைன்னு உங்ககிட்ட வாக்குக் குடுத்தேனே, காப்பாத்தறேங்க! போன பருவத்துல தழை உரத்துக்குன்னு கிலுகிலுப்பையை விதைச்சு, மடக்கி உழுதேன். மண்ணு என்னமா ஆயிடுச்சு தெரியுமா! கீழாநெல்லி நடுவுல அங்கங்க தானா முளைச்சு நிக்குது. முன்னாடி கையால பிடுங்குவோம், இப்ப மிஷின் அறுப்பு, எல்லாம் சேர்ந்து கட்டாயிடும். நீங்கதான் வீட்ல ஆய்வீங்களே?"

அத்தான் போனை வைத்துவிட்டு அதே சாக்கின் மேல் உட்கார்ந்தார். அது அவர் அடியில் இன்னொரு தடவை கிலுகிலுத்தது. யாரும் கெட்டவன் இல்லை. விவசாயி மண்ணைக் காப்பாற்றினான். இவர் வாக்கைக் காப்பாற்றினார். அக்கா திப்பியைக் காப்பாற்றினாள். எல்லாரும் காப்பாற்றியதெல்லாம் சேர்ந்து ஓர் ஈரலில் போய் இறங்கியிருக்கிறது.

"அவ எத்தனை ஸ்பூன் போடறா?"

"மூணு. சல்லடைல தங்கினதை."

"தங்கினதையா? நான் தூக்கிப் போடச் சொன்னேனேடா." எழுந்தார். ஷட்டரை இழுத்தார். பகல் பதினொரு மணிக்கு அந்தக் கடை மூடியதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் அக்கா முந்தின நாளிலிருந்தே பாட்டில் காணோம் என்று தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் எதிரில் உட்கார்ந்து காயை அவள் கையில் வைத்தார். என்ன ஏது என்று முழுவதையும் சொன்னார். ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கவில்லை.

"நான் சொல்றேன். இனி பொடி வேண்டாம்."

"நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சொல்றேன்."

அக்கா காயை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அழுவாள் என்று இரண்டு ஆண்களும் கைக்குட்டையைத் தேடினார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, நான் நிறுத்திட்டேன். ஏழு மாசமா பாக்கெட் வாங்கினவங்க?"

"அதுல கொஞ்சம்தான் இருக்கு அக்கா."

"என்னை மாதிரி மஞ்சளைப் பாத்துட்டு மூணு மடங்கு போடறவ அதுல ஒருத்தி இருக்க மாட்டாளா? ஒரு அட்டை எடுங்க. எழுதுங்க."

*

அட்டை எழுதுவதற்குள் பெரிய சண்டை. அத்தான் சிவப்பு மையில், 'இந்தப் பொடி ஈரலைக் கெடுக்கும்' என்று ஆனை எழுத்தில் எழுதினார்.

"அப்படிப் போடக் கூடாது அத்தான். எல்லாப் பாக்கெட்டும் இல்ல, ஏழு மாசத்துப் பாக்கெட். அளவைப் பொறுத்தது. 'கெடுக்கக்கூடும்'னு போடுங்க."

"கூடும்னு போட்டா எவன் எழுந்து வருவான்? மழை வரக்கூடும்னா நீ குடை எடுக்கறியா?"

"நான் எடுப்பேன்."

"நீ வெயில்லயும் எடுப்பே!"

அக்கா இருவர் கையிலிருந்தும் பேனாவைப் பிடுங்கினாள். புது அட்டையை எடுத்தாள். தானே எழுதினாள்: 'இந்த ஏழு மாதத்துப் பொடி என் ஈரலைக் கெடுத்தது. திருப்பிக் கொண்டு வாருங்கள். சாப்பிட்டவர்கள் ரத்தம் பாருங்கள். இப்படிக்கு, கடைக்காரர் மனைவி.'

மறுநாளே அத்தான் மீசையை எடுத்துவிட்டார். பந்தயப்படி எடுக்க வேண்டியதில்லை, கொடுத்த பாக்கெட் சுத்தம்தானே என்று லிட்மஸ் நியாயம் பேசியும் கேட்கவில்லை. மீசை போன முகம் மூடி தொலைந்த பாட்டில் மாதிரி இருந்தது. அக்கா அட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். 'மூலிகை என்ன செஞ்சுடும்மா' என்று எவராவது ஆரம்பித்தால், பேசாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி விழிகளைக் காட்டுவாள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டாக்டரம்மாவின் வாசலில் ரத்தம் கொடுக்க ஒரே கூட்டம். இரண்டு பேருக்கு லேசாக ஏறியிருந்தது, நிறுத்தச் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாவது வாரம் அக்காவின் கணக்கு முந்நூற்று அறுபது. "ஏறல. இப்போதைக்கு அதுவே பெருசு" என்றாள் டாக்டரம்மா. அடுத்த மாதம் நூற்று முப்பது. "வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டதற்கு அக்கா பையிலிருந்து தம்பியின் நோட்டை எடுத்து, தண்ணீரில் ஆரம்பித்துப் படிக்கலானாள். டாக்டரம்மா நான்காம் பக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாக்கெட்டுகள் எல்லாம் திரும்பின. ஒன்று மட்டும் வரவில்லை. வாங்கியவர் யார் என்று அத்தானுக்குத் தெரியும்: ஓய்வு பெற்ற தபால்காரர். பிடிவாதத்துக்குப் பேர் போனவர். விலாசம் தப்பாக எழுதிய கடிதத்தைக்கூட, எழுதியபடிதான் கொடுப்பேன் என்று இல்லாத தெருவைத் தேடி ஒரு வருடம் அலைந்தவர். அத்தான் போய்க் கேட்டார், தரவில்லை. லிட்மஸ் ஊதாப் பொட்டு விழுந்த தட்டையும் அதன் படத்தையும் கொண்டுபோய் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். தபால்காரர் நடுவில் தூங்கி எழுந்து, தரமாட்டேன் என்றார்.

மூன்றாவதாக அக்கா போனாள். இரண்டு மாடி. நடுவில் உட்காரவில்லை. லிட்மஸ் பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"இருங்கம்மா, உக்காருங்க" என்றார் தபால்காரர். "உங்க தம்பி நல்லவர்தான், ஆனா விவரம் பத்தல. நான் என்ன மருந்தா சாப்பிடறேன்? அது மூலிகைம்மா."

லிட்மஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். இன்னும் அடியில் இலேசாக மஞ்சள் தங்கியிருந்த கண்கள்.

"இதே வார்த்தை. அப்படியே என் வாய்லேர்ந்து வந்த வார்த்தை" என்றாள். நாற்காலியை அவர் அலமாரிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து, சாவகாசமாகச் சாய்ந்தாள். "நான் எங்கயும் போகப்போறதில்ல அண்ணே. நீங்க பொடியை எடுத்துக் குடுக்கற வரைக்கும் நானூத்திப் பன்னிரண்டு வந்த கதையைச் சொல்லிட்டே இருப்பேன். டேய் தம்பி, நோட்டை எடு. முதல் பக்கம், தண்ணியிலேர்ந்து ஆரம்பி."

தபால்காரர் பதினேழாவது பதிவு வரை தாக்குப்பிடித்தார்.